40ஆ, 96ஆ? நண்பர் குழுக்களில் ஒரு புதிருக்கு இரண்டு விடை வருவது எப்படி

சில மாதங்களுக்கு ஒருமுறை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கணக்குப் படம் மறுபடியும் சுற்றுக்கு வருகிறது. மேலே, 'ஆயிரத்தில் ஒருவரால்தான் முடியும்' என்பது போன்ற ஒரு சவால் இருக்கும்; கீழே நான்கு வரிகள் இருக்கும்.

1 + 4 = 5
2 + 5 = 12
3 + 6 = 21
8 + 11 = ?

பள்ளித் தோழர்களின் குழுவாக இருந்தாலும் உறவினர்களின் குழுவாக இருந்தாலும், படம் வந்து விழுந்த சிறிது நேரத்திலேயே 40 என்று ஒரு கட்சியும் 96 என்று ஒரு கட்சியும் பிரிந்துவிடும். இரு தரப்பும் வழிமுறையை எழுதிக் காட்டும். இரண்டிலும் கூட்டல் பெருக்கல் பிழை இராது. 'கணக்கில் இரண்டு விடை இருக்க முடியுமா?' என்ற கேள்வி அப்போது எழுகிறது. ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் தலையில் அது வந்து விழுகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் கணக்கில் இல்லை. புதிர் என்பது போடுபவருக்கும் அவிழ்ப்பவருக்கும் இடையே உள்ள ஓர் உடன்பாடு. எதெல்லாம் அனுமதி, எது விதி, எந்தத் தகவல் யாருக்குத் தெரியும் என்பவை அந்த உடன்பாட்டில் அடங்கும். படம் ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்குத் தாவும்போது எண்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன. உடன்பாடு புறப்பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது.

அவிழ்ப்பதற்கு முன்: மூன்று சொற்கள்

நண்பர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் கேள்விகள் எல்லாவற்றையும் பொதுவாகப் 'புதிர்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவற்றுள் மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன. 'சரியான விடை' என்பதற்கு ஒவ்வொன்றிலும் பொருள் வேறு.

1. விடுகதை. ஒரு பொருளின் பெயரை மறைத்து, அதன் இயல்பை மட்டும் சொல்லிக் கேட்பது. நொடி, வெடி, அழிப்பான் கதை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் இதற்குப் பெயர் மாறும். தொல்காப்பியம் இதைப் 'பிசி' என்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று செய்யுளியல் எண்ணும் ஏழனுள் இதுவும் ஒன்று. உவமையால் மறைத்துச் சொல்வது, தோன்றும் இயல்பைச் சொல்லிப் பொருளைத் துணியவைப்பது என இதை அந்நூல் இரண்டாகப் பிரிக்கிறது. 'அள்ளலாம், கிள்ள முடியாது' என்றால் விடை தண்ணீர். எண்ணெயும் பாலும் மோரும்கூட இதற்குப் பொருந்தும்; ஆயினும் எவரும் மோர் என்று வாதாடுவதில்லை. விடையைத் தீர்மானிப்பது தருக்கமன்று, இருவரும் அறிந்த வழக்கம்.

2. புதிர். தரப்பட்ட தகவல்களை மட்டும் பிடித்துக்கொண்டு விடைவரை நடந்து சென்றுவிட முடிய வேண்டும். விடை ஒன்றுதான் என்பதையும், வேறெதுவும் பொருந்தாது என்பதையும் காட்ட முடிய வேண்டும். சுடோகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒழுங்காக அமைத்த சுடோகுக் கட்டத்துக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு.

3. வினாடி வினா. விடை வெளியுலகில் கிடக்கிறது, தெரிந்தால் தெரியும். இந்தியாவின் வினாடி வினா வட்டங்களில் வெறும் மனப்பாடக் கேள்விகளுக்கு மதிப்புக் குறைவு. தெரியாதவரும் துப்புகளைச் சேர்த்து யோசித்தால் எட்டிவிடக்கூடிய கேள்விகளையே நல்ல கேள்விகள் என்பார்கள். அதாவது வினாடி வினாவுக்குள் சிறிது புதிரைக் கலக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சண்டை மூட்டும் படங்களுள் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவை எண்களால் செய்த விடுகதைகள். புதிரின் உடையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. போட்டவர் மனத்தில் ஒரு விடையை வைத்திருக்கிறார். அதை நாம் ஊகிக்க வேண்டும். எண்களைக் கண்டதும் நமக்கோ கணக்கு வகுப்பின் உறுதி வந்துவிடுகிறது.

40 வந்த வழியும் 96 வந்த வழியும்

இனி அந்த நான்கு வரிகளுக்குத் திரும்பலாம். இரண்டாம் வரியிலேயே கூட்டல் உடைந்துவிடுகிறது: 2உம் 5உம் 7 ஆக வேண்டும், 12 என்றிருக்கிறது. ஆகவே இங்கே '+' என்பது நாம் அறிந்த கூட்டல் குறி அன்று. வேறு ஏதோ ஒன்றைக் குறிக்கும் அடையாளம். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் கேள்வி.

முதல் கட்சியின் வழி: ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் விடையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். 5 + 2 + 5 = 12. அடுத்து 12 + 3 + 6 = 21. கடைசியாக 21 + 8 + 11 = 40.

இரண்டாம் கட்சியின் வழி: இரண்டு எண்களையும் பெருக்கி, முதல் எண்ணைக் கூட்ட வேண்டும். 1 × 4 + 1 = 5. 2 × 5 + 2 = 12. 3 × 6 + 3 = 21. ஆகவே 8 × 11 + 8 = 96.

இரண்டு விதிகளும் கொடுக்கப்பட்ட மூன்று வரிகளுக்கும் அச்சாகப் பொருந்துகின்றன. வழக்கமாக விவாதம் இங்கேயே முட்டி நின்றுவிடும். ஆனால் இடது பக்கத்து எண்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1, 2, 3 என்று வந்துகொண்டிருந்த முதல் எண் திடீரென்று 8க்குத் தாவுகிறது. இடையில் 4 + 7, 5 + 8, 6 + 9, 7 + 10 என்ற நான்கு வரிகள் விட்டுப்போயிருக்கின்றன என்று கொண்டு, முதல் கட்சியின் விதியாலேயே அவற்றை நிரப்பிப் பார்ப்போம்.

4 + 7: 21 + 11 = 32
5 + 8: 32 + 13 = 45
6 + 9: 45 + 15 = 60
7 + 10: 60 + 17 = 77
8 + 11: 77 + 19 = 96

40 என்று சொல்லவைத்த அதே விதி 96இல் கொண்டுவந்து நிறுத்துகிறது. இது தற்செயல் இல்லை. ஒவ்வொரு வரியிலும் இரண்டாம் எண் முதல் எண்ணைவிட 3 அதிகம். முதல் எண்ணை n என்று வைத்தால், பெருக்கல் விதியின் விடை n(n + 3) + n, அதாவது n² + 4n. அடுத்தடுத்த இரு வரிகளின் விடைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 2n + 3. அதுவே அந்த வரியிலுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. எண்கள் வரிசை தவறாமல் வரும்வரை இரண்டு விதிகளும் ஒரே விதிதான்.

ஆகவே இரு கட்சிகளும் பிரிவது விதியில் இல்லை, ஒரு சிறிய கேள்வியில்: எழுதப்பட்டவை நான்கே வரிகளா, அல்லது எட்டு வரிகளில் நான்கை மட்டும் காட்டியிருக்கிறார்களா? படம் இதற்குப் பதில் சொல்வதில்லை. மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையே மூன்று புள்ளிகள் வைத்திருந்தால் சண்டையே எழுந்திராது. வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருக்கவும் கூடும். சண்டை வந்தால்தானே படம் சுற்றும்.

எண் தொடரின் அடுத்த எண்

'1, 2, 4, 8, 16, அடுத்தது என்ன?' என்று கேட்டால் 32 என்று யோசிக்காமலே வாய் சொல்லிவிடும். இப்போது ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணையுங்கள். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி புள்ளிகளைச் சற்றுக் கலைத்து வைக்க வேண்டும். ஒரு புள்ளி இருந்தால் வட்டம் ஒரே துண்டு. இரண்டு புள்ளிகளுக்கு 2 துண்டுகள், மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு 31 துண்டுகள்தாம் கிடைக்கும். எத்தனை முறை எண்ணினாலும் முப்பத்திரண்டாவது துண்டு வராது.

எத்தனை எண்களைக் கொடுத்தாலும், அவை முடிவுள்ள எண்ணிக்கையில் இருக்கும்வரை, அவற்றுக்கெல்லாம் பொருந்திவிட்டு அடுத்த இடத்தில் நாம் விரும்பும் எந்த எண்ணையும் தரக்கூடிய ஒரு சூத்திரத்தை அமைத்துவிட முடியும். எண் தொடரில் 'சரியான விடை' என்பது உண்மையில் 'மிக எளிய விதி தரும் விடை' என்றே பொருள்படும். எது எளிது என்பதில் கேட்பவரும் சொல்பவரும் ஒத்துப்போக வேண்டும்.

வகுத்தல் குறியால் வரும் வம்பு

6 ÷ 2(1 + 2) என்ற கோவைக்கு 9 என்றும் 1 என்றும் விடை சொல்வோர் உண்டு. 2019இல் இதன் உறவுக்காரக் கேள்வியான 8 ÷ 2(2 + 2) ட்விட்டரில் பரவி, 16 என்றும் 1 என்றும் உலகத்தை இரண்டாகப் பிரித்தது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். எந்தச் செயலை முதலில் செய்வது என்பதற்கான வரிசையை நம் பள்ளிகளில் 'பாட்மாஸ்' என்று கற்றுத் தருகிறார்கள். அடைப்புக்குறி முதலில், வகுத்தலும் பெருக்கலும் பிறகு, கூட்டலும் கழித்தலும் கடைசியில். வகுத்தலும் பெருக்கலும் சம நிலையில் உள்ளவை, இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும் என்பது அதனோடு சேர்ந்த விதி. அதன்படி 6 ÷ 2 × 3 என்று பிரித்தால் 9 வருகிறது.

ஆனால் 2(1 + 2) என்பதில் பெருக்கல் குறியே இல்லை. ஒட்டி எழுதிய பெருக்கல், குறி இட்டு எழுதிய பெருக்கலைவிட இறுக்கமானது என்று இயற்கணிதத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. 1/2n என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் கண்டால், 2n முழுவதும் கீழே இருப்பதாகவே பலரும் படிப்பார்கள். அந்த வழக்கத்தின்படி விடை 1. நம் பாடப்புத்தகங்களின் பாட்மாஸில் (BODMAS) இரண்டாம் எழுத்தான O-வை 'இல்' (of) என்று விளக்கி (அதாவது '12இல் பாதி' என்பதைப் போல), அதை வகுத்தலுக்கு முன் செய்யச் சொல்லியும் இருக்கிறார்கள். அப்படிப் படித்தவர்கள் 2(3) என்பதை '2இல் மூன்று மடங்கு' என்று கொண்டு 1க்கு வந்து சேர்கிறார்கள். ஆக, பாட்மாஸ் சொல்லியே இரு தரப்பும் அடித்துக்கொள்ள முடிகிறது.

கால்குலேட்டரைச் சாட்சிக்கு அழைத்தும் பயனில்லை. ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை தரும் மாதிரிகளும் உண்டு, தராத மாதிரிகளும் உண்டு. பெரும்பாலான நிரல் மொழிகளோ 2க்கும் அடைப்புக்குறிக்கும் இடையே பெருக்கல் குறி இல்லாவிட்டால் கணக்கிட மறுத்துவிடும். இவற்றுள் நேர்மையான நிலைப்பாடு அதுவே.

இந்த '÷' குறி 1659இல் யோஹான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக் கணிதர் அச்சிட்ட இயற்கணித நூலில் வகுத்தலுக்காகத் தோன்றியது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதே குறி கழித்தலுக்கும் வழங்கியிருக்கிறது. குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 80000-2, வகுத்தலுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. உயர்நிலை வகுப்பைத் தாண்டியதும் இந்தக் குறி நம் நோட்டுகளிலிருந்து காணாமல்போய், பின்ன வடிவம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதைப் பலரும் கவனித்திருக்கமாட்டார்கள். 6ஐ மேலே எழுதி, கீழே 2ஐ மட்டும் எழுதினால் விடை 9. 2(1 + 2) முழுவதையும் எழுதினால் 1. கேள்வி கேட்டவர் எழுதத் தவறியதை விடை சொல்பவர்கள் ஈடுகட்ட முயல்கிறார்கள், அவ்வளவுதான்.

பழப் படங்களில் வாழைச் சீப்பில் ஒரு பழத்தைக் குறைத்தும் தேங்காயை அரை மூடியாக்கியும் கேட்கும் கேள்விகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அவை கண்ணுக்கு வைக்கும் பொறி. கணக்காக மதித்துச் சண்டையிட அவற்றில் ஒன்றுமில்லை.

ஷெரிலின் பிறந்தநாள்: பாதி வழியில் முகவரி தொலைத்த புதிர்

2015 ஏப்ரலில், சிங்கப்பூரில் மாணவர்களுக்காக நடந்த ஒரு கணித ஒலிம்பியாட் போட்டியின் கேள்வி ஒன்றைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் முகநூலில் பகிர்ந்தார். சில நாட்களில் அது உலகைச் சுற்றிவந்தது. இது ஒழுங்காக அமைந்த புதிர். அப்படியும் இரண்டு விடைகள் கிளம்பின என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும்.

ஷெரில் தன் பிறந்தநாள் இந்தப் பத்துத் தேதிகளுள் ஒன்று என்கிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும் தனியாகச் சொல்கிறாள். பெர்னார்டிடம் நாளை மட்டும் தனியாகச் சொல்கிறாள். பிறகு உரையாடல் இப்படிப் போகிறது. ஆல்பர்ட்: 'எனக்குத் தெரியவில்லை, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.' பெர்னார்ட்: 'முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.' ஆல்பர்ட்: 'அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது.'

1. பட்டியலில் 18உம் 19உம் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. பெர்னார்டிடம் அவற்றுள் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவனுக்கு உடனே விடை தெரிந்திருக்கும். 'பெர்னார்டுக்குத் தெரியாது' என்று ஆல்பர்ட் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அவனிடமுள்ள மாதத்தில் அந்த நாட்களுக்கு இடமே இருக்கக் கூடாது. ஆகவே மே, ஜூன் இரண்டும் விழுகின்றன.

2. எஞ்சியவை ஜூலை 14, 16. ஆகஸ்ட் 14, 15, 17. பெர்னார்டுக்கு இப்போது தெரிந்துவிட்டது என்றால் நாள் 14 ஆக இருக்க முடியாது. அது இரண்டு மாதங்களிலும் இருக்கிறது.

3. எஞ்சியவை ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. ஆல்பர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது என்றால் மாதம் ஆகஸ்டாக இருக்க முடியாது. விடை ஜூலை 16.

ஆகஸ்ட் 17 என்று சொன்னவர்கள் முதல் படியை வேறு விதமாகப் படித்தார்கள். பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை ஆல்பர்ட் தன் மாதத்தைக் கொண்டு உய்த்துணரவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு அறிந்திருக்கிறான் என்று கொண்டார்கள். அப்போது மே 19உம் ஜூன் 18உம் மட்டும் போகும். ஜூனில் 17 ஒன்றே மிஞ்சும். மாதம் ஜூனாக இருந்தால் ஆல்பர்ட்டுக்குத் தெரிந்திருக்கும், அவனோ தெரியவில்லை என்கிறான். ஆகவே ஜூனும் போகும். எஞ்சியவற்றில் 17 மட்டுமே ஒற்றையாக நிற்கும். விடை ஆகஸ்ட் 17. வழி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஆல்பர்ட் அதைக் கேள்விப்பட்டதாகக் கேள்வியில் எங்கும் இல்லை. அவனிடம் இருப்பதெல்லாம் மாதமும் பட்டியலும்தாம். போட்டியை நடத்தியவர்களும் ஜூலை 16 மட்டுமே சரி என்று விளக்கம் தந்தார்கள்.

இங்கே தவறிய உடன்பாடு இன்னது: இவ்வகைப் புதிர்களில் வரும் பாத்திரங்கள் பிழையின்றி யோசிப்பவர்கள், சொல்லப்பட்ட தகவலுக்கு வெளியே எதையும் அறியாதவர்கள், பொய் சொல்லாதவர்கள். ஒலிம்பியாடுக்குப் பயிற்சி பெறும் மாணவருக்கு இது சொல்லாமலே தெரியும். முகநூலில் பார்ப்பவருக்கு ஆல்பர்ட் நம்மைப் போல ஒரு மனிதன், யாரிடமாவது விசாரித்திருப்பான். பயணத்தில் இன்னொன்றும் தொலைந்தது. முதலில் பகிர்ந்தபோது இது தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கேள்வி என்று குறிப்பிடப்பட்டிருந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளை இப்படியா வாட்டுவது என்று பெற்றோர் பதறினார்கள். உண்மையில் அது 14, 15 வயது மாணவர்களுக்கு, அவர்களிலும் சிறந்தவர்களைப் பிரித்தெடுக்க வைத்த கேள்வி.

மூன்று கதவுகள்: சொல்லாமல் விட்ட நிபந்தனை

சொல்லாத நிபந்தனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாண்டி ஹால் புதிர் சான்று. மூன்று கதவுகளுள் ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். நிகழ்ச்சி நடத்துபவர் மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்து ஆட்டைக் காட்டி, 'மாற்றிக்கொள்கிறீர்களா?' என்கிறார். 1975இல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் இதை எழுதினார். 1990இல் அமெரிக்காவின் 'பரேடு' இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தரும் பத்தியாளர் மர்லின் வோஸ் சாவந்த் மாற்றுவதே நல்லது என்று பதில் எழுதியதும் ஏறத்தாழ 10,000 கடிதங்கள் குவிந்தன. அவர் தவறென்று எழுதியவர்களுள் முனைவர் பட்டம் பெற்றோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர்.

300 முறை ஆடுவதாகக் கொள்வோம். சராசரியாக 100 முறை முதல் தேர்விலேயே கார் இருக்கும். 200 முறை ஆடு இருக்கும். நடத்துபவர் கார் இருக்குமிடம் தெரிந்து, எப்போதும் ஆட்டுக் கதவையே திறப்பவராக இருந்தால், அந்த 200 முறையும் மாற்றுபவருக்குக் கார் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வெற்றி. நடத்துபவருக்கு எதுவும் தெரியாது, குருட்டாம்போக்கில் திறக்கிறார் என்றால், அந்த 200இல் 100 முறை காரையே திறந்து காட்டிவிடுவார். அந்த ஆட்டங்கள் கணக்கில் சேரா. ஆடு தெரிந்த 200 ஆட்டங்களில் மாற்றினால் 100, மாற்றாவிட்டால் 100, சரிபாதி.

மேடையில் நாம் காண்பது இரண்டிலும் ஒன்றே: ஒரு கதவு திறந்தது, ஓர் ஆடு நின்றது. ஆனால் திறந்தவருக்கு என்ன தெரியும் என்பது விடையை மாற்றிவிடுகிறது. நண்பர் குழுவில் இதைப் போடுபவர்களில் பலர் 'நடத்துபவருக்குக் கார் எங்கே என்று தெரியும்' என்ற வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள். பிறகு சரிபாதி என்று சொன்னவரைக் கேலி செய்கிறார்கள்.

தமிழில் ஓர் எழுத்து என்பது எது?

எண்களை விட்டுச் சொற்களுக்கு வந்தால் தமிழுக்கென்றே ஓர் உடன்பாட்டுச் சிக்கல் இருக்கிறது. மூன்றெழுத்துச் சொல் ஒன்று: முதலெழுத்தை நீக்கினால் மறைக்கும், நடுவெழுத்தை நீக்கினால் நாய் செய்யும், கடையெழுத்தை நீக்கினால் தாவு என்று பொருள்படும். விடை குதிரை, திரை, குரை, குதி. கேட்பவரும் சொல்பவரும் கு, தி, ரை என்று மூன்றாகவே எண்ணுகிறார்கள்.

கணினி அப்படி எண்ணுவதில்லை. யூனிகோடில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியாக இல்லை. அகரமேறிய மெய்க்குப் பின்னால் உயிர்க்குறி தனியாக வைக்கப்படுகிறது. குதிரை என்ற சொல் கணினிக்கு ஆறு குறிகள். முதல் குறியை நீக்கு என்றால் 'க' போய், உகரக் கொக்கி மட்டும் ஒட்ட இடமில்லாமல் தொங்கும். திருப்பிப் படித்தாலும் மாறாத 'விகடகவி' என்ற சொல்லுக்கு நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறி. அதைக் குறி குறியாகத் திருப்பினால் வகரத்துக்கு முன்னால் இகரக் குறி வந்து நின்று, சொல்லே சிதைந்துவிடும். ஆங்கிலத்துக்கு எழுதிய சொல் விளையாட்டு நிரலைத் தமிழுக்கு அப்படியே மாற்றியவர்கள் முதலில் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

குறுக்கெழுத்து அமைப்பவர்களுக்கு இன்னும் சில முடிவுகள் தேவைப்படுகின்றன. 'ஸ்ரீ'க்கு ஒரு கட்டமா, இரண்டா? 'க்ஷ' எத்தனை கட்டம்? மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மற்றவற்றுக்கு அமைப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

விடையை எங்கே ஒளிப்பது?

நேரில் விடுகதை போடும்போது விடை போடுபவரின் வாய்க்குள் பத்திரமாக இருந்தது. குழுவில் வேகமாக யோசிப்பவர் ஒருவர் முப்பது வினாடியில் விடையைத் தட்டிவிட்டால் மற்ற நாற்பது பேருக்கும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. வினாடி வினா மேடைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்த அணிக்கு நகர்வதை 'பவுன்ஸ்' என்பார்கள். தன் முறை வரும் வரை காத்திராமல் விடையைத் தாளில் எழுதி நடுவரிடம் இரகசியமாகக் கொடுத்து, சரியானால் கூடுதல் மதிப்பெண், தவறானால் இழப்பு என்று பந்தயம் கட்டுவதும் 'பவுன்ஸ்'தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு (முன்னது bounce, பின்னது pounce). தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாது என்பதே ஒரு புதிர். குழுக்களில் 'விடையை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்' என்பது இந்த இரண்டாம் பவுன்ஸின் வாரிசு.

வேர்டில் என்ற சொல் விளையாட்டு 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வந்து, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கும் அளவுக்குப் பரவியதற்கு அதன் வண்ணக் கட்டங்கள் ஒரு முக்கியக் காரணம். எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே சொல். எத்தனையாவது முயற்சியில் கண்டுபிடித்தோம் என்பதைப் பெருமையாகக் காட்டலாம், சொல் மட்டும் வெளியே வராது.

டெலிகிராம், டிஸ்கார்ட் போன்றவற்றில் தொட்டால்தான் தெரியும்படி விடையை மூடிவைக்கும் வசதி உண்டு. அதற்கு வெகு முன்பே, 1980களில் கணினி வழி விவாதம் நடந்த யூஸ்நெட் குழுக்களில், ஆங்கில எழுத்துகள் 26ஐயும் பதின்மூன்று இடம் நகர்த்தி எழுதும் 'ராட்13' என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. 26இல் பாதி 13 என்பதால், அதையே மறுபடி நகர்த்தினால் பழைய எழுத்து திரும்பிவிடும்.

தமிழுக்கு இதை இன்னும் அழகாகச் செய்யலாம். மெய்கள் 18, பாதி 9. உயிரைத் தொடாமல் மெய்யை மட்டும் ஒன்பது இடம் நகர்த்தினால் போதும்.

க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப
ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன

மேலிருப்பதற்குக் கீழிருப்பது, கீழிருப்பதற்கு மேலிருப்பது. 'கடல்' என்பது 'மவஞ்' ஆகும். 'மவஞ்' மறுபடியும் 'கடல்' ஆகும். உயிர்க்குறியும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருப்பதால் வாயால் படிக்கவும் முடியும்.

இதைப் பயன்படுத்தி ஒரு பழைய விடுகதையைக் குழுவில் போடுவதாக வைத்துக்கொள்வோம்: 'அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள், அது என்ன?' முன்பு இதற்கு விடை சொல்லாத பிள்ளை இராது. இப்போது அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த ஒருவர் 'கணினியின் விசைப்பலகையும் மவுஸும்' என்று சொல்லக்கூடும். அதைத் தவறென்று தள்ள முடியாது. ஒன்று கிடக்கிறது, மற்றொன்று ஓடுகிறது. தொல்காப்பியம் சொன்ன உவமைப் பிசிக்கு அவர் சொன்னதும் பொருந்தத்தான் செய்கிறது. தவறியது விடை சொன்னவரன்று. விடைக்குரிய பொருள் அவர் வீட்டுச் சமையலறையில் இல்லை என்பதைப் போட்டவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே கேள்வியில் ஒரு வரி கூட்ட வேண்டியிருக்கிறது.

அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள். இருவரும் பிறந்தது கல்லில், இருவருக்கும் நடுவே நசுங்குவது மிளகாய். அது என்ன?

விடை: அக்கி, முணடி.